ஒன்பது தலையணை வாங்கி எழுதிய கதை

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல, செங்கல்பட்டு பஜாரில் வாங்கியது. அமீர் என்பவர் அங்கே இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறார். 2008 ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் அந்தக் கடைக்குப் போய், தலையணைக்கு ஒரு பாகமாக இதைக் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் இருப்பது நானும் என் மனைவி வசுமதியும்தான். தலையணை ஒன்பது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயர் பார்த்தசாரதி. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருந்துகொண்டு ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்துகிறேன். மிச்ச நேரத்தில் எழுத்தாளன். இதுவரை அச்சானவை ஏழு கதைகள். அவற்றில் நான்கு டவுன்ஷிப் ஆண்டு மலரில் வந்தவை. அந்த மலருக்கு ஆசிரியர் குழுவில் நானும் உண்டு.

வசுமதி மனநல ஆலோசகர். 1998 முதல் செவ்வாயும் வெள்ளியும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போகிறாள். அங்கே ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்ன அறை. நாள் முழுக்க ஜனங்களின் கதையைக் கேட்டுவிட்டு வருவாள். வீட்டுப்படி ஏறியதும் ஒரு எழுத்தாளன் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பான்.

"இன்னிக்கு யார் வந்தா?"

"மனுஷா வந்தா."

"என்ன பிரச்சினை?"

"தக்காளி வாங்கினேளா?"

பத்து வருஷம் இப்படியே போயிற்று. பக்கத்தில் கிணறு, கையில் வாளி, கிணற்றுக்கு இரும்பு மூடி.

2002இல் ஒரு வெள்ளிக்கிழமை அவள் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அதைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அறை வாசல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையிலும் தாடியிலும் பஞ்சு. மடியில் ஒரு சிறுமி. அவர் அந்தக் குழந்தைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. 'இது ஒரு கதை' என்று எனக்குள் மணி அடித்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆறு வருஷம் கழித்து நிஜமாகவே ஒரு தலையணை தேவைப்பட்டு மெத்தைக் கடைக்குப் போனபோது, கல்லாவில் அதே பஞ்சுத் தாடி.

முதல் தலையணை நேர்மையானது. மற்ற எட்டும் கதைக்காக.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்:

"வங்கக் கடல் ஓயாமல் தன் கரையைக் கழுவிக்கொண்டிருந்தது, அவளும் அப்படியே தன் கைகளை…"

(நிறுத்திவிட்டேன். செங்கல்பட்டில் கடல் கிடையாது. நான் கடலோரம் குடியிருப்பதால் எல்லாருக்கும் அலையை வைத்துவிடுகிறேன்.)

இரண்டாவது:

"தண்ணீர் தூய்மை செய்கிறது என்பது மனிதகுலத்தின் மிகப் பழைய…"

(கட்டுரை. பரிசு வேண்டுமானால் கிடைக்கும்.)

மூன்றாவது:

"அக்தர் பேகத்துக்கு இருபத்தெட்டு வயதில்…"

இது பரவாயில்லை. ஆனாலும் இதே வாக்கியத்தைப் பதினோரு தடவை திருத்தி எழுதினேன்.

[பென்சில்: பதினொண்ணுன்னு எண்ணி வெச்சிருக்கேளா? வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்க்கவும்.]

பென்சில் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். வசுமதியுடையது. ஒன்பதாவது தலையணையின்போது அமீர் என்னைப் பார்த்து, "சார், உங்க வூட்ல மொத்தம் எத்தினி தலைதான் கீது?" என்று கேட்டுவிட்டார். நான் இன்னார் கணவன், கதை எழுதுகிறவன் என்று உளறினேன். அவர் கடையைப் பையனிடம்… (இல்லை, பையன் யாரும் கிடையாது) கடைக்குப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, பின்தெருவில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அவர் மனைவியை முதலில் பார்த்தேன்.

"மேடம் வூட்டுக்காரரா நீங்க? எங்களப் பத்தி மேடம் உங்ககிட்ட எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க."

"சொல்லியிருந்தாங்கன்னா உங்கள அப்பிடியே திருப்பி அனுப்பியிருப்பேன். ஒக்காருங்க."

எழுதுவதற்கு மூன்று நிபந்தனை போட்டார். பெயரை மாற்ற வேண்டும். முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மேடமும் படிக்க வேண்டும். அக்தர் பேகம் என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தார், சிறுவயதில் அவருக்குப் பிடித்த ஒரு டீச்சரின் பெயராம். மேடத்துக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வசுமதி என் தாளைத் தொட்டாள்.

"அவங்களப் பத்தி எழுதினது சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன். என்னைப் பத்தி அளந்திருந்தா மட்டும் பென்சில் போடுவேன்" என்றாள்.

நிறைய பென்சில் செலவாயிற்று.

3

அக்தர் பேகத்துக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு நாள் விடியற்காலைத் தொழுகைக்கு முன் ஒரு சந்தேகம் வந்தது. தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் என்று வரிசையாகக் கழுவித் தூய்மை செய்வதை ஒளு என்பார்கள். முழங்கை நனைந்ததா, இல்லையா? மறுபடி கழுவினார். நனைந்ததுபோல் இருந்தது. இருந்ததா? மறுபடி. ஒருவேளை தெறித்த தண்ணீரில் தரையின் அழுக்கு கலந்திருந்தால்? முதலிலிருந்து தொடங்கினார்.

நான்கு வருஷத்தில் அந்த ஒரு சந்தேகம் வீடு முழுக்கக் குடியேறிவிட்டது. கதவுத் தாழ்ப்பாள் அசுத்தம். அமீர் தலையில் ஒட்டி வரும் பஞ்சு அசுத்தம். எல்லாவற்றையும்விட, பள்ளிக்கூடம் போய்வரும் மகள் அஃப்ஷீன். அவள் சீருடை எந்தக் கழிவறைச் சுவரில் பட்டதோ. ஆறு வயதுக்குள் அந்தக் குழந்தை கதவை முழங்கையால் திறக்கவும், அம்மாவிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்கவும், அப்பாவிடம் தலை பின்னிக்கொள்ளவும் பழகிவிட்டது. தாயத்து கட்டினார்கள். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். கை வெடிப்பில் ரத்தம் வந்தது. ரத்தமும் அசுத்தம் என்பதால் அதையும் கழுவ வேண்டியிருந்தது.

2002 மார்ச்சில் ஒரு நாள், காய்ச்சல் கண்ட அஃப்ஷீனைப் பள்ளி ஆயா மதியமே கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். குழந்தை உள்ளே வர முடியாமல் படியிலேயே சுருண்டு படுத்துவிட்டது. அக்தர் பேகம் கையில் தண்ணீர்க் குவளையோடு ஒரு கை தூரத்தில் நின்றார். தூக்க வேண்டும். தூக்கினால் புடவை போய்விடும், புடவை போனால் பாய் போய்விடும், பாய் போனால் வீடே போய்விடும். முதலில் படியைக் கழுவினார். பிறகு கையை. பிறகு கழுவிய குவளையின் பிடியை. அமீர் சாப்பிட வந்தபோது குழந்தை நெருப்பாய்க் கொதித்தது. கண் திறந்து அவரைப் பார்த்து, "அம்மா கழுவிக்கினு வரும் அத்தா" என்றது.

அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை குழந்தை. அம்மாவுக்காகப் பேசியது.

அமீரின் அக்கா, "மதுராந்தகத்துல அவங்க அம்மா வூட்ல கொண்டுபோய் வுட்டுடு, பொண்ண நான் வளத்துக்கிறேன்" என்றார். அமீர் மூன்று நாள் தலை நிமிராமல் மெத்தை தைத்தார். நான்காம் நாள், யாரோ வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு மனைவியைத் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

4

இந்த இடத்தில் நான் எழுதியிருந்தது இப்படி:

"அறைக்குள் நுழைந்த அந்தப் பெண்ணின் கண்களை வசுமதி பார்த்தாள். ஆயிரம் ஆண்டுகளின் வலி அந்தக் கண்களில் உறைந்திருந்தது. கருணை ததும்பும் புன்னகையோடு வசுமதி எழுந்து…"

[பென்சில்: இந்தப் பொம்மனாட்டி யார்? எனக்கு அறிமுகம் பண்ணி வையுங்கோ.]

சரி, மறுபடி எழுதுகிறேன்.

அக்தர் பேகம் நாற்காலியில் உட்காரவில்லை. யார் யாரோ உட்கார்ந்த நாற்காலி. வசுமதி, "உட்காருங்க" என்று இரண்டாம் தடவை சொல்லவில்லை. தானும் எழுந்து நின்றுகொண்டாள். நாற்பது நிமிஷம் இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்றபடியே பேசினார்கள்.

[பென்சில்: கருணையெல்லாம் இல்லை. அவங்க நிக்கறச்சே நான் உட்கார்ந்தா சங்கடமா இருந்தது. கால் வலின்னு அன்னிக்கு ராத்திரி சொன்னேனே, தைலம் எங்கேன்னு கேட்டேன். நீங்க பேப்பர் படிச்சிண்டிருந்தேள்.]

அக்தர் பேகம் சொன்னதை வசுமதி அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக் கேட்டு, கடைசியில் தப்பு செய்தாள். அவள் தபாலில் படித்த பாடப் புத்தகம் எந்த ஊரிலோ எழுதப்பட்டது. கழுவுதல் எதனால் தூண்டப்படுகிறதோ அதை முதலில் நிறுத்திப் பார்க்கலாம் என்று அவள் அதைப் புரிந்துவைத்திருந்தாள்.

"ஒரு வாரம் தொழாம இருந்து பாருங்களேன். கழுவறது தானா கொறையுதான்னு பாக்கலாம்" என்றாள்.

அக்தர் பேகம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி மேடம், வரேன்" என்றார். போனார்.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும்.

"இன்னா சார் சொல்றது" என்று என்னிடம் பிறகு சொன்னார். "ஒரு நாள் முழுக்க பேஜாரு. அதுல தொழுகையில நிக்கிற அஞ்சு நிமிஷம் மட்டும்தான் மனசு அடங்கிக் கெடக்கும். அதுக்காகத்தான் அவ்ளோ கழுவுறதே. அதையும் புடுங்கிட்டா எனக்கு இன்னாதான் கீது?"

நான் இந்தத் தப்பைக் கதையில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மனைவியின் பெயர் கெடும் என்று. அந்தப் பத்தியை அடித்த இடத்தில் பென்சிலால் பெரிதாக, 'இதை எடுத்தா கதையையே எடுத்துடுங்கோ' என்று எழுதியிருந்தது.

5

ஏழு வாரம்.

அந்த ஏழு வாரமும் நான் வசுமதியோடு ஒரே வீட்டில்தான் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். சாம்பாரில் உப்பு இல்லாமல் போயிற்று. ஒருநாள் ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவள் தன் பஸ்ஸை விட்டுவிட்டாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பெண் மனத்தின் ஆழம் என்ற தலைப்பில் ஒரு நெடுங்கவிதை.

(அது வெளிவரவில்லை. இந்த வரியோடு அதற்கு அஞ்சலி செலுத்தியாகிவிட்டது.)

எட்டாம் வாரத் தொடக்கத்தில் வசுமதி ஓர் இன்லேண்ட் லெட்டர் வாங்கினாள். என் பேனாவைத்தான் கேட்டு வாங்கிப்போனாள். யாருக்கு என்று கேட்டேன். தக்காளி பற்றிக் கேட்டாள். அந்தக் கடிதம் இன்னும் அமீர் கடையில், துணிச் சுருள்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அக்தர் பேகம் அனுமதி கொடுத்த பிறகு நானும் படித்தேன். சில வரிதான்.

"சகோதரிக்கு, வணக்கம். அன்று நான் உங்களிடம் சொன்ன யோசனை தவறு. உங்களுக்கு எது பலமோ அதையே விடச் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. நீங்கள் வேறு யாரிடமாவது போவதானால் அவசியம் போங்கள். விலாசம் நானே விசாரித்துத் தருகிறேன். என்னிடமே வருவதானால், உங்கள் தொழுகையை விடாமல் செய்ய வழி இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம். நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய இருக்கிறது."

இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பேனாவில் வந்த நல்ல உரைநடை இது ஒன்றுதான். எழுதியது நானில்லை.

6

கடிதம் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, ஆகஸ்டில் அக்தர் பேகம் திரும்பி வந்தார். நின்றுகொண்டே, "தப்புன்னு எழுதிக் குடுத்த மொத டாக்டரு நீங்கதான்" என்றார்.

"நான் டாக்டர் இல்லீங்க."

"அதான் எழுதினீங்க போல."

அன்றைக்கு வசுமதி யோசனை எதுவும் சொல்லவில்லை. கேள்வி கேட்டாள். ஒளு எப்படிச் செய்வது, எத்தனை தடவை, எது நடந்தால் அது முறியும், இதில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள். அக்தர் பேகம் செய்தே காட்டினார், வெறுங்கையால், காற்றில். சந்தேகத்தைப் பள்ளிவாசல் இமாமிடம், அதாவது ஹஜரத்திடம் கேட்பதாகவும், மூன்றோடு நிறுத்தத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். "தெரியும் மேடம். தெரிஞ்சிக்கினேதான் கழுவுறேன்."

அப்போது வசுமதி ஒன்று சொன்னாள்.

"எங்க வீட்ல மடின்னு ஒண்ணு உண்டு. துவைச்ச துணியை வேற யாரும் தொடக் கூடாது, ஒரு கோலாலதான் எடுக்கணும். எங்க பெரியம்மா அந்தக் கோலையும் கழுவுவாங்க. அப்புறம் கோலைக் கழுவின கையை. அப்புறம் குழாயை. எல்லாரும் ஆச்சாரம்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலை."

"அப்புறம் இன்னா ஆனாங்க?"

"கடைசி வரைக்கும் தனியாவே இருந்தாங்க. கிட்டப் போக முடியாதே."

அக்தர் பேகம் நாற்காலியின் விளிம்பில், முந்தானையை மடித்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தார்.

[பென்சில்: இதைச் சொல்லியிருக்கக் கூடாதோன்னு இன்னிக்கும் சந்தேகம். அவங்க நேரத்துல என் கதையைச் சொல்றது முறையில்லை. இப்படி ஒரே ஒரு தடவைதான்.]

(ஒரு கணவனின் குறிப்பு: கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெரியம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஏழாவது தலையணை வாங்கியபோது அமீர் சொல்லித்தான் தெரிந்தது. நான் கேட்டதில்லை என்கிறாள். யோசித்துப் பார்த்தால், நிஜம்தான்.)

"உங்க ஹஜரத்தை நான் பார்க்கலாமா? நீங்களும் கூட இருக்கணும். நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று கேட்டாள் வசுமதி. அக்தர் பேகம் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஹஜரத்தை நான் நரைத்த தாடியும் ஞானம் சொட்டும் குரலுமாக எழுதிவைத்திருந்தேன். அமீர் சிரித்தார். ஹஜரத்துக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லையாம். கேளம்பாக்கத்துக்காரர், கிரிக்கெட் பைத்தியம். பள்ளிவாசல் அலுவலக முன்னறையில் ஃபேனைப் போட்டுவிட்டு அமீரையும் சேர்த்து மூன்று பேரையும் உட்காரச் சொன்னார்.

"நான் இவங்களுக்குப் பதில் சொல்லாம இல்ல மேடம். நாலு வருஷமா சொல்லிக்கினுதான் கீறேன். அமீர் பாய் காலையில ஒருக்கா வருவாரு, மதியம் ஒருக்கா வருவாரு. 'ஒளு ஆயிடிச்சான்னு கேக்குது'ம்பாரு. ஆயிடிச்சி, போய்ச் சொல்லுங்கம்பேன்."

வசுமதி அக்தர் பேகத்தைப் பார்த்தாள். "அந்தப் பதில் வந்தா எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்கும்?"

"இவரு சைக்கிள ஸ்டாண்டு போடுற வரைக்கும்."

ஹஜரத் கையைத் தாடியில் வைத்துக்கொண்டார். பதில் சொல்லச் சொல்லத்தான் சந்தேகம் வளர்ந்திருக்கிறது என்பது அவருக்கு முதல் தடவையாகப் பிடிபட்டது. "மார்க்கத்துல மூணு தடவதான். அதுக்கு மேல கழுவுறது வரம்பு மீறுறது. சந்தேகம் வந்தா சந்தேகத்த வுட்டுட்டுத் தொழணும். இதுல ஒளிவுமறைவே இல்ல. அப்பிடியும் இவங்களுக்குப் பயமா இருந்துச்சின்னா, குத்தம் எதுனா இருந்தா மறுமையில நான் பதில் சொல்லிக்கிறேன்…"

"அதைச் சொல்லாதீங்க" என்றாள் வசுமதி. "அதுவும் இன்னொரு சோப்பு."

அவர் சிரித்துவிட்டார். அக்தர் பேகமும் சிரித்தார். அமீர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவி சிரித்து நான்கு வருஷமாகியிருந்ததால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு செய்தது இதுதான். தொழுகை ஐந்து வேளையும் உண்டு. ஒளு மூன்றோடு சரி. ஹஜரத் இன்று ஒரு தடவை சொன்னதே கடைசிப் பதில், இனி அவர் சொல்ல மாட்டார். அமீரிடம் கேட்டால், "தெரியாது" என்று சொல்ல வேண்டும்.

7

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரே பத்தியில் முடித்துவிட்டிருந்தேன். 'மெல்ல மெல்ல அவள் மனம் மலர்ந்தது' என்று.

[பென்சில்: மாத்திரையை விட்டுட்டேளே. நான்தானே பெரிய ஆஸ்பத்திரி மனநல டாக்டர்கிட்ட அனுப்பினேன்.]

விட்டுவிட்டேன்தான். மாத்திரை கவித்துவமாக இல்லை. ஆனால் மாத்திரை இருந்தது, ஒன்றரை வருஷம் இருந்தது. நவம்பரில் நோன்பு வந்தபோது, வசுமதி டாக்டருக்குச் சீட்டு எழுதி, மாத்திரை நேரத்தை நோன்பு திறந்த பிறகு என்று மாற்றி வாங்கினாள்.

பத்து படி கொண்ட ஒரு பட்டியலும் இருந்தது. எது கொஞ்சம் பயம், எது தாங்க முடியாத பயம் என்று அக்தர் பேகமே தன் கையால் எழுதியது. முதல் படி, ஆஸ்பத்திரி பெஞ்சின் காலைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் நாற்பது நிமிஷம் உட்காருவது. பத்தாவது படி, பள்ளிவிட்டு வரும் அஃப்ஷீனை அப்படியே அள்ளிக்கொள்வது.

பெஞ்சுக் காலை முதலில் வசுமதி தொட்டாள். பிறகு அக்தர் பேகம். இருவரும் எதிரெதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்தர் பேகத்துக்கு உள்ளங்கை எரிந்தது, நெஞ்சு அடைத்தது. கால் மணி நேரத்தில், "செத்துடுவேன் மேடம்" என்றார். "இருக்கேன், இங்கயே இருக்கேன்" என்றாள் வசுமதி. அவ்வளவுதான் சொன்னாள். ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. முப்பதாவது நிமிஷத்தில் எரிச்சல் தானாகவே தணியத் தொடங்கியது. நாற்பதாவது நிமிஷத்தில் வசுமதி பையிலிருந்து முறுக்கை எடுத்து, அதே கையால் உடைத்து, பாதியைத் தான் தின்றாள். மீதியை மேஜையில் வைத்தாள். அக்தர் பேகம் அதை அன்றைக்குத் தொடவில்லை. மூன்றாவது வாரம் தின்றார்.

வீட்டில்தான் கஷ்டம். "பொண்டாட்டி கெஞ்சுது சார், 'ஒளு ஆயிடிச்சா சொல்லுங்க'ன்னு" என்றார் அமீர். "'தெரியாது'ன்னு சொல்லணும். மெத்த தைக்கிற ஊசி கையில ஏறினாக்கூட அந்த வலி வலிக்காது. சொல்லிட்டுக் கடைக்கு ஓடிருவேன். கடையில போய் ஒக்காந்துகினு நான் ஒரு மாதிரி ஆயிடுவேன்."

செவ்வாய்க்கிழமைகளில் அமீருக்கும் வசுமதி அரை மணி நேரம் ஒதுக்கினாள். 'உங்களுக்கும் ஆள் வேணும்' என்றாளாம். இது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

8

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

அ) மாமல்லபுரம் கடற்கரை. மாலை வெயில். தாயும் மகளும் கைகோத்து நிற்கிறார்கள். அலை வந்து இருவர் காலையும்…

அக்தர் பேகம் குறுக்கிட்டார். இது அவருக்குப் படித்துக் காட்டிய நாள், போன ஆகஸ்ட், 2009. "நாங்க எப்ப சார் மகாபலிபுரம் போனோம்?"

ஆ) அக்கா சொன்னபடி அமீர் மனைவியை மதுராந்தகத்தில் விட்டுவிட்டு வேறு கல்யாணம் செய்துகொள்கிறார். (துயரமாக முடித்தால் நல்ல பத்திரிகையில் போடுவார்கள்.)

"இவருக்கு ரெண்டாவது கல்யாணமா? ஒருத்திக்கே 'தெரியாது'ன்னு சொல்ல முடியாம கடைக்கு ஓடினவரு" என்றார். "அப்புறம் இன்னொண்ணு. நாலு எடத்துல என்னிய அழ வெச்சிக்கிறீங்க. நான் எங்க சார் அழுதேன்? எனக்குக் கோவம்தான் வந்துச்சி. அழுததெல்லாம் இவரு."

நான்கு அழுகையையும் அடித்தேன்.

இ) நடந்தது.

2003 பிப்ரவரியில் அக்தர் பேகம் ஒன்பது படியையும் கடந்திருந்தார். பத்தாவது படிக்கு நாள் குறித்தார்கள். மாலை நான்கு மணிக்கு வாசலில் வந்து நின்றார். அஃப்ஷீன் பள்ளிப் பையோடு தெருவில் வந்தாள். வழக்கம்போல் ஒரு கை தூரத்தில் நின்றாள். அக்தர் பேகம் இரண்டு கையையும் நீட்டி, "வா" என்றார்.

குழந்தை பின்னால் போயிற்று.

"நீ இன்னும் கழுவலயே மா" என்றது. "நானும் கழுவல. ஒட்டிக்கும்."

கைகள் நீட்டியபடியே நின்றன. குழந்தை அவரைச் சுற்றிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அக்தர் பேகம் இதைச் சொன்னபோது வசுமதி பேனாவைக் கீழே வைத்தாள். பட்டியலில் குழந்தையை ஒரு பாத்திரம் பண்டம் மாதிரி எழுதி வைத்திருந்தார்கள், இருவரும் சேர்ந்து. அவளுக்கும் ஒரு பயம் இருக்கும், அதற்கும் ஒரு பத்து படி இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

[பென்சில்: எனக்குத் தோணியிருக்கணும். ரெண்டாவது தப்பு. எழுதுங்கோ.]

அடுத்த வெள்ளியிலிருந்து அஃப்ஷீனும் வந்தாள். அவளுக்குத் தனிப் பட்டியல், எழுத்துக்குப் பதில் படம். வரைந்தது அவளே. அம்மாவை எப்போதும் தாளின் அந்த ஓரத்தில் வரைவாள். தன்னை இந்த ஓரத்தில். வாரா வாரம் வசுமதி, "இன்னும் கொஞ்சம் கிட்ட வரலாமா, வேண்டாமா?" என்று அவளையே கேட்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம். மூன்று வாரம் வேண்டாம் என்றாள்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் அக்தர் பேகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பள்ளிவிட்டு வந்த அஃப்ஷீன் பக்கத்தில் வந்து குந்தினாள். ஒரே ஒரு விரலை நீட்டி, அம்மாவின் சுண்டுவிரலைத் தொட்டாள். தொட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அக்தர் பேகம் மூச்சை விடாமல், கீரையையே பார்த்துக்கொண்டு, கையை அங்கேயே வைத்திருந்தார்.

"எவ்ளோ நேரம்னு கேக்காதீங்க. நான் எண்ணல" என்றார் என்னிடம். "அஞ்சு வருஷத்துல நான் எண்ணாம வுட்டது அது ஒண்ணுதான்."

9

இத்தோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். 'அவர் குணமடைந்தார்' என்று கடைசி வரியும் எழுதியிருந்தேன். அதைப் படித்ததும் அக்தர் பேகம் கையை உயர்த்தினார்.

"அத வெட்டுங்க."

"ஏங்க?"

"நல்லாயிட்டேன்னு எழுதினீங்கன்னா, நாளைக்கு என்னிய மாதிரி ஒருத்தி இதப் படிச்சிட்டு, நாம இன்னும் ஆவலயேன்னு நெனைப்பா. போன வாரம் பூரா மூணு தடவதான். இன்னிக்குக் காலையில அஞ்சு. நாளைக்கு எத்தினியோ. முன்ன மாதிரி பயந்துக்கல, அவ்ளோதான். மேடத்தப் பார்க்க இப்பவும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போறேன். அத எழுதுங்க."

"அப்ப கதை எப்படி முடியும்?"

"எனக்கே முடியல. உங்க கதைக்கு மட்டும் இன்னா அவசரம்?"

அமீர் தேநீரும் ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார். நான் எட்டாம் பகுதியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினேன். வெளியே மழை விட்டிருந்தது. அப்போது அஃப்ஷீன் வந்தாள். பதின்மூன்று வயது, என் தோள் உயரம். பள்ளி மைதானத்தில் த்ரோபால் ஆடிவிட்டு வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு, இரண்டு கையிலும் சேறு. "பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே, அம்மாவின் முன்னால் இருந்த தட்டை நோக்கி நேராகக் குனிந்தாள்.

அக்தர் பேகம் அந்தக் கையைப் பார்த்தார். அது வரைக்கும் நானும் பார்த்தேன்.

பிறகு நடந்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் பொறுப்பைத் தள்ளுவது நாகரிகமான உத்தி என்பதால் அல்ல. எனக்கு நிஜமாகவே தெரியாது. அந்த நேரம் பார்த்து, 'சேறு படிந்த அந்தக் கை' என்று எழுதுவதா, 'சேற்றில் தோய்ந்த அந்தக் கை' என்று எழுதுவதா என்ற யோசனை வந்து, தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளத் தலை குனிந்துவிட்டேன். பத்து வருஷம் காத்திருந்து, ஒன்பது தலையணை வாங்கி, கதை என் கண் முன்னாலேயே நடந்தபோது நான் வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது அமீர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அது ஒன்றும் சாட்சி ஆகாது, அவர் எதற்கும் அழுவார். தட்டில் பேரீச்சம்பழம் இல்லை. அஃப்ஷீன் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள். அக்தர் பேகத்தின் கைகள் முந்தானைக்குள் இருந்தன.

"இன்னா சார் நிறுத்திட்டீங்க?" என்றார். "படிங்க."